நம் கையால் போன பணம்... காப்பீடு கைகொடுக்குமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினம் கரையில் இப்போது பணம் ஓடுவது செல்போனில். அது வழி தவறினால் ஒரு சிறு வியாபாரியின் கதி என்ன? சைபர் காப்பீடு எந்த அளவுக்கு உதவும்?

விடிகாலை. முதல் நாள் கடலுக்குப் போன விசைப்படகுகள் ஜெகதாப்பட்டினம் மீன்பிடி தளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அணைகின்றன. கூடை கூடையாக இறாலும் நண்டும் கணவாயும் இறங்குகின்றன. ஐஸ் நொறுக்கும் சத்தத்தையும் மீறி ஏலக் குரல் கேட்கிறது. தராசடியில் நிற்பவர் எடையைச் சொல்லச் சொல்ல, கணக்குப்பிள்ளை நோட்டில் குறிக்கிறார். குறித்த கையோடு போனை எடுத்துப் பணம் போடுகிறார். படகுக்காரருக்கு ஒரு தொகை, ஐஸ் கம்பெனிக்கு ஒரு தொகை, வெளியூர் வண்டி வாடகைக்கு ஒரு தொகை. கை ஈரம், திரை வழுக்குகிறது, பின்னால் நாலு பேர் அவசரப்படுத்துகிறார்கள்.

இந்தப் பரபரப்பில் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதக்கணக்கில் சரக்கு கொடுத்துவரும் இறால் பண்ணைக்காரரின் பெயர், அவருடைய படம். “பாய், பழைய அக்கவுண்ட்டை ஆடிட்டுல நிறுத்தி வெச்சிருக்காங்க. இன்னிக்குப் பணத்தை இந்தப் புது நம்பர்ல போட்டு விடுங்க.” சந்தேகப்பட எதுவுமில்லை. மூன்றே முக்கால் லட்சம் போய்ச் சேர்கிறது. சாயங்காலம் அசல் பண்ணைக்காரர் போன் செய்கிறார்: “என்ன பாய், பணம் இன்னும் வரலையே?”

சிறு வியாபாரிகள் ஏமாறும் வழிகளில் மிகச் சாதாரணமான ஒன்று இது. கம்ப்யூட்டரை உடைத்துக்கொண்டு யாரும் உள்ளே நுழையவில்லை, பாஸ்வேர்டையும் திருடவில்லை. வியாபாரியே தன் கையால், தன் ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறார். அவர் தட்டக்கூடிய ஒவ்வொரு கதவிலும் அவருக்கு எதிராக நிற்கப்போவது இந்த ஒரு விஷயம்தான்.

ஒரே வருடத்தில் மூன்று மடங்கு

நாடாளுமன்றத்தில் மத்திய உள்துறை அமைச்சகம் தந்த கணக்குப்படி, சைபர் மோசடிகளில் இந்தியர்கள் 2023இல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு.

பெரிய நிறுவனங்களில் இதையெல்லாம் கவனிக்கத் தனி ஆட்கள் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நீளும் ஊர்களில் மீன் வியாபாரம், ஐஸ் பிளாண்ட், வலைக்கடை, டீசல் வியாபாரம், கருவாட்டுக் கடை எல்லாமே ஒரு குடும்பமும் இரண்டு மூன்று செல்போன்களும் சேர்ந்து நடத்துபவை. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே கணக்கில் கிடக்கும். பையன் கேம் விளையாடும் போனில்தான் வங்கிச் செயலியும் இருக்கும்.

காப்பீடு என்ற சொல் இந்தக் கரைக்குப் புதிதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் புரட்டிப்போட்டபோது புதுக்கோட்டைக் கரையிலும் படகுகள் நொறுங்கின. காப்பீடு இல்லாத படகுக்காரர்கள் நிவாரணத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலில் போகும் உயிருக்கும் படகுக்கும் காப்பீடு வேண்டும் என்பதில் இன்று இங்கே இரண்டு கருத்து இல்லை. செல்போனில் போகும் பணத்துக்கு அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை.

வங்கி என்ன சொல்லும்?

முதலில் ஓடுவது வங்கிக்கு. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் வேறு யாரோ அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்து, அதில் அவர் தவறும் வங்கியின் தவறும் இல்லையென்றால், மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் நடப்புக் கணக்குக்கு அதிகபட்சப் பொறுப்பு 10,000 ரூபாய். தவறு வங்கியுடையது என்றால், எப்போது புகார் செய்தாலும் முழு இழப்பும் வங்கிக்கே.

நல்ல விதி. சிறு தொழில் செய்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். ஆனால் இது காப்பது வாடிக்கையாளர் அனுமதிக்காத பரிமாற்றத்தை மட்டும். நம்முடைய வியாபாரி பணத்தைத் தானே அனுப்பினார். “நீங்கள்தானே சார் பின் நம்பர் போட்டீர்கள்?” என்று வங்கி கேட்டால் அவரிடம் பதில் கிடையாது.

இரண்டாவது கதவு காவல்துறை. 1930 என்ற எண் இருப்பது இதற்காகத்தான். புகார் பதிவானதும் அது பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குப் போகிறது; அங்கே மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்தி வைக்கிறார்கள். மோசடிக்காரர்கள் பணத்தை வாடகைக்கு எடுத்த கணக்குகளில் போட்டு, அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து, கடைசியில் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடுவார்கள். இதற்குச் சில மணி நேரம் போதும். சாயங்காலம் தெரிந்து மறுநாள் காலை புகார் செய்தால், அதற்குள் கணக்கு காலியாகியிருக்கும்.

மூன்றாவது கதவுதான் காப்பீடு.

---
பெட்டிச் செய்தி: சைபர் பாலிசியில் என்னென்ன இருக்கும்?

● சொந்த இழப்பு: தாக்குதல் எப்படி நடந்தது என்று ஆராயும் நிபுணர் செலவு, அழிந்த தகவல்களை மீட்கும் செலவு, வியாபாரம் முடங்கிய நாட்களின் வருமான இழப்பு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும்போது ஏற்படும் செலவு.

● பிறருக்கான பொறுப்பு: உங்களிடம் இருந்த வாடிக்கையாளர், தொழிலாளர் விவரங்கள் கசிந்து, அவர்கள் இழப்பீடு கேட்டால் அதற்கான தொகையும் வழக்குச் செலவும்.

● ஏமாற்றுப் பரிமாற்றம்: போலிச் செய்தியை நம்பி நீங்களே அனுப்பிய பணம். பெரும்பாலும் தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியது. மொத்தக் காப்புத் தொகை பெரிதாக இருந்தாலும் இதற்கு மட்டும் சிறிய உச்சவரம்பு இருக்கும்.

● பொதுவாகச் சேராதவை: பாலிசி எடுப்பதற்கு முன்பே தெரிந்திருந்த பிரச்சினை, போர், முதலாளியே செய்த மோசடி, மின்சாரம் அல்லது இணையம் பொதுவாகத் துண்டிக்கப்படுவது.
---

ஒரே ஏமாற்று, இரண்டு தீர்ப்பு

அந்தக் கதவு திறக்குமா என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பார்க்கலாம். அமெரிக்காவின் மிச்சிகனில் அமெரிக்கன் டூலிங் சென்டர் என்று ஓர் அச்சு (டை) தயாரிப்பு நிறுவனம். சீனாவில் உள்ள ஒரு கம்பெனியிடம் வேலை கொடுத்து வாங்கும். 2015இல் அந்தக் கம்பெனி அனுப்பியது போலவே மின்னஞ்சல்கள் வந்தன. ஆடிட் நடக்கிறது, வேறு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்றன. சுமார் 8,34,000 டாலர் போய்விட்டது. காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. கீழ் நீதிமன்றமும் அதன் பக்கம் நின்றது. 2018 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றி, காப்பீட்டு நிறுவனம் பணம் தரத்தான் வேண்டும் என்றது.

இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். கலிஃபோர்னியாவில் ஒரு கணக்கியல் நிறுவனமும் ஏறக்குறைய இதே வலையில் விழுந்தது. வாடிக்கையாளரின் மின்னஞ்சலைக் கைப்பற்றிய ஒருவன் அவர் பெயரில் பணம் அனுப்பச் சொன்னான், நிறுவனம் அனுப்பியது. 2017இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த இழப்பு பாலிசிக்குள் வராது என்று சொல்லிவிட்டது. பாலிசியில் அச்சடித்திருந்த சொற்கள் வேறு என்பதால் ஒருவருக்குப் பணம் வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

இந்தியாவில் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் இன்று சைபர் பாலிசி விற்கின்றன. தனிநபர்களுக்கான சைபர் பாலிசி எப்படி அமைய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 செப்டம்பரில் வழிகாட்டு ஆவணமும் வெளியிட்டது. இங்கே ஒரு சிக்கல். தனிநபர் பாலிசி பெரும்பாலும் வியாபார இழப்பைச் சேர்க்காது. நிறுவனப் பாலிசிகள் பலவும் பெரிய கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கிலேயே மீன் வியாபாரம் செய்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். தனிநபர் பாலிசியை எடுத்து வைத்துக்கொண்டு வியாபாரப் பணத்துக்கு உரிமை கோரினால் மறுப்புக் கடிதம்தான் வரும்.

மீன் காத்திருக்காது

பணத்தோடு பிரச்சினை முடிவதில்லை. ஒரு மீன் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் கோப்புகளைப் பூட்டும் வைரஸ் நுழைந்தால் என்ன ஆகும்? யாரிடம் எவ்வளவு சரக்கு எடுத்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தப் பெட்டி எந்தப் படகில் பிடித்தது என்ற கணக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவேடு இல்லையென்றால் சான்றிதழும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை.

இந்த முடக்கத்துக்கு வருமான இழப்பீடு தரும் பாலிசி உண்டு. ஆனால் பல பாலிசிகளில் 8 மணி நேரம், 12 மணி நேரம் என்று காத்திருப்புக் காலம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏற்படும் இழப்புதான் கணக்கில் வரும். துணிக்கடைக்கு இது பெரிய விஷயமில்லை. இறாலுக்கு அந்த 12 மணி நேரம்தான் வாழ்வும் சாவும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. குளிர்பதனக் கிடங்கின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள் யாரோ புகுந்து நிறுத்திவிட்டால் சரக்கு கெட்டுவிடும். பெரும்பாலான சைபர் பாலிசிகள் பொருள் சேதத்தைச் சேர்ப்பதில்லை. தீ, சொத்துக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் சைபர் காரணத்தால் வரும் சேதத்தை விலக்கும் பிரிவு இருக்கும். இரண்டு பாலிசிக்கும் பிரீமியம் கட்டியவர், இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுவார். ஐஸ் பிளாண்ட், குளிர்பதனக் கிடங்கு வைத்திருப்பவர்கள் இரண்டு பாலிசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தே ஆக வேண்டும்.

பிறர் செய்த தவறுக்கும் நாம் அடிபடலாம். 2024 ஜூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தின் மீது சைபர் தாக்குதல் நடந்ததால், கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்ற இணைப்பைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் துண்டித்தது. மறுநாள் சரியானது. தாக்குதல் நடந்தது எங்கோ; அன்று பணம் அனுப்ப முடியாமல் தவித்தவர்கள் கிராமத்துக் கடைக்காரர்கள். நம் சொந்தக் கருவியில் நடந்த தாக்குதலுக்கு மட்டும் காப்புத் தரும் பாலிசி இதற்கு உதவாது. நமக்குச் சேவை தருபவரின் முடக்கமும் சேர்கிறதா என்று கேட்டுச் சேர்க்க வேண்டும்.

வங்கியே தாக்கப்பட்ட கதையும் நமக்குத் தொலைவில் இல்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற முறைக்குள் புகுந்து, துபாய், துருக்கி, சீனா என மூன்று இடங்களுக்குச் சுமார் 20 லட்சம் டாலரை அனுப்ப முயன்றார்கள். உறுதிச் சீட்டு அச்சாகாதபடி பிரின்டரையும் முடக்கியிருந்தார்கள். மறுநாள் கணக்கு சரிபார்க்கும்போது தெரிந்துவிட்டதால், துபாய்க்கு அனுப்பிய 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. தினமும் கணக்கைச் சரிபார்த்த பழக்கம் அங்கே காப்பாற்றியது.

கணக்கு முடங்கினால்...

ஏமாந்தவருக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் உங்களிடம் 20 கிலோ நண்டு வாங்கிவிட்டு கியூ.ஆர். கோடில் பணம் போடுகிறார். அந்தப் பணம் எங்கோ வட இந்தியாவில் ஏமாற்றி எடுத்த பணமாக இருந்தால், அங்கே புகார் பதிவானதும் உங்கள் கணக்கு மொத்தமாக முடங்கலாம். கேரளத்தில் சிறு கடைக்காரர்கள் பலருக்கு இது நடந்து பெரிய பிரச்சினையானது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் ஒரு வழக்கில் அதே வழியில் உத்தரவிட்டது.

இந்த முடக்கத்துக்குச் சாதாரண சைபர் பாலிசியில் காப்பு கிடையாது. கணக்கு முடங்கிய அன்று படகுக்காரருக்கும் ஐஸுக்கும் டீசலுக்கும் பணம் போகாது. படகுக்காரர் ஆட்களுக்குப் பங்கு பிரிக்க முடியாது. இங்கே தொழில் முன்பணத்திலும் நம்பிக்கையிலும் ஓடுகிறது. ஒரு வாரம் பணம் நின்றால் அடுத்த முறை சரக்கு வேறு வியாபாரிக்குப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் இது நடந்தால், அந்த வருடம் எழுந்திருப்பது கடினம்.

ஆதார் நகலுக்கும் பொறுப்பு

நண்டு உடைக்கும் பெண்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், போட்டோ எல்லாம் மேஸ்திரியின் வாட்ஸ்ஆப்பில் கிடப்பது சாதாரணம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில், அந்த விவரங்களைக் கம்பெனிக்காக வாங்கி வைத்திருப்பவர் முதலாளி. காப்பாற்றும் கடமையும் அவருடையது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இது உச்சவரம்பு, சிறு கம்பெனிக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பொருளில்லை. சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. வேலை முடிந்த பிறகும் தேவையில்லாமல் வைத்திருக்கும் நகல்களை அழிக்க இதுவே நல்ல நேரம். அந்தப் பெண்களின் பெயரில் யாரோ கடன் வாங்கிவிட்டால், அதைத் தீர்க்க அவர்கள் எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும்?

விண்ணப்பத்தில் ஒரு ‘ஆம்’

பாலிசிக்கான விண்ணப்பப் படிவத்தில் பல கேள்விகள் இருக்கும். இரண்டடுக்குப் பாதுகாப்பு வைத்திருக்கிறீர்களா? தகவல்களுக்குத் தனி நகல் எடுக்கிறீர்களா? கணக்கு எண் மாறினால் போன் செய்து உறுதிப்படுத்துகிறீர்களா? ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டு, “இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே” என்பார்.

அந்த டிக்தான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். 2022இல் அமெரிக்காவின் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒரு மின்னணு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. இரண்டடுக்குப் பாதுகாப்பு இருப்பதாக விண்ணப்பத்தில் சொல்லிவிட்டு, எல்லா இடத்திலும் வைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சில வாரங்களில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அந்தப் பாலிசியே ரத்தானது. நம் நாட்டிலும் காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படை உண்மையை மறைக்காமல் சொல்வதுதான். இல்லாததை இல்லை என்று எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். ஆபத்து நேரத்தில் பாலிசி உயிரோடு இருக்கும்.

---
பெட்டிச் செய்தி: பணம் போய்விட்டதா? உடனே செய்ய வேண்டியவை

● அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

● உங்கள் வங்கிக்கு அன்றே எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

● வாட்ஸ்ஆப் செய்தி, எண், பரிமாற்ற ரசீது எதையும் அழிக்காதீர்கள். போனை ரீசெட் செய்யாதீர்கள்.

● பாலிசி இருந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தாமதம் மறுப்புக்குக் காரணமாகலாம்.

● மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டு ஆணையத்தின் இலவச எண் 155255. தனி உரிமையாளர் நிறுவனங்களும் குறு நிறுவனங்களும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றி முறையிடலாம்.

● வங்கி மீது குறை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரின் எண் 14448.
---

தனி ஆளாக வாங்க வேண்டுமா?

பாலிசி எடுப்பதற்கு முன்பே செய்யக்கூடிய காசில்லாத காரியங்கள் உண்டு. கணக்கு எண் மாறிவிட்டது என்று யார் சொன்னாலும், செய்தி வந்த எண்ணுக்கு அல்லாமல், நம்மிடம் முன்பே உள்ள பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் போட வேண்டும். வங்கி வழியாக நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறையில் அனுப்புபவர்கள், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். வியாபாரத்துக்கு ஒரு கணக்கு, ஒரு போன் என்று தனியாக வையுங்கள். அபராதச் சலான், அரசு உதவித்தொகை என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்ஆப்பில் வரும் ஏ.பி.கே. (செயலியை நிறுவும்) கோப்பைத் திறக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒருநாள் அசந்துபோவோம். அந்த ஒருநாளுக்குத்தான் காப்பீடு. ஆனால் ஒவ்வொரு மீன் வியாபாரியும் தனித்தனியாக ஆங்கிலப் பாலிசியைப் படித்து, நிபந்தனைகளைப் பேரம் பேசி வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வழி ஒன்று கண்முன்னே இருக்கிறது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் மீனவர்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகளே கட்டுகின்றன. மீனவர் ஒரு ரூபாய் தருவதில்லை. படிக்கத் தெரியாத ஆளுக்கும் கடலில் அந்தக் காப்பு உண்டு. அதே குழு முறையைக் கரையில் நடக்கும் வியாபாரத்துக்கும் கொண்டுவர முடியும். விசைப்படகு உரிமையாளர் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம், வணிகர் சங்கம் என்று அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஐந்நூறு பேர் சேர்ந்து கேட்டால், நிறுவனம் நிபந்தனையை மாற்றி எழுதும். காத்திருப்பு நேரத்தைக் குறைக்கச் சொல்லலாம், தாமே அனுப்பிய பணத்துக்கான உச்சவரம்பைக் கூட்டச் சொல்லலாம், பாலிசியைத் தமிழில் கேட்கலாம். ஒற்றை ஆளாகப் போனால் இதில் எதுவும் நடக்காது.

மீன்வளத் துறையும் மாவட்ட முன்னோடி வங்கியும் சைபர் கிரைம் காவல்துறையும் தடைக்காலத்தில் இங்கே வந்து முகாம் நடத்தலாம். படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில் கேட்க ஆளும் உண்டு, நேரமும் உண்டு. சிறு நிறுவனங்களுக்கு வங்கிக் கடன் தரும்போதே குழுக் காப்பீட்டையும் இணைத்து, பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கலாம். டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று மக்களை அழைத்துவந்த அரசுக்கு, மாறியவர்களைக் காக்கும் கடமையும் இருக்கிறது.

அதுவரை, பாலிசி விற்க யார் வந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: “போலிச் செய்தியை நம்பி நானே அனுப்பிய வியாபாரப் பணத்துக்கு இதில் காப்பு உண்டா? எவ்வளவு வரைக்கும்?” வாய்ப் பேச்சில் ‘ஆம்’ என்றால் போதாது. எந்தப் பக்கத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கையெழுத்துப் போடுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்தப் பாலிசி உங்களுக்காக எழுதப்பட்டதில்லை.